ஆய்வேட்டில் ஒரு பெயர்: சுப்பாராவும் மேற்கோள் கணக்கும்



மொழியியல் பயின்ற ஒருவர் புற்றுநோய் மருந்தியலைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்னும் ஐயம் அழைப்பிதழைக் கண்டதும் உங்களுள் பலர்க்கு எழுந்திருக்கும். அதற்கு ஒரு சிறு மொழிபெயர்ப்பு வேலையே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், புற்றுநோய் மருந்துகளை ஆராயும் அம்மையார் ஒருவர்க்குப் பாராட்டு விழா எடுக்க நண்பர் சிலர் முடிவு செய்தனர். விழா மலரில் இடம்பெறவேண்டிய அவருடைய தன்விவரக் குறிப்பைத் தமிழாக்கித் தருமாறு நம்மிடம் ஒரு தாளைக் கொடுத்தனர். அத்தாளில் ஏறத்தாழ எல்லாமே எண்கள். கட்டுரைகள் இத்தனை, மேற்கோள்கள் இத்தனை, எச்-எண் இத்தனை. எந்த நோய், எந்த மருந்து, என்ன கண்டறியப்பட்டது என்பவற்றிற்கு ஒரு வரியும் இல்லை. எண்ணைத் தமிழாக்க மொழியியல் தேவையில்லை என்று எண்ணித்தான் அமர்ந்தோம். ஆனால் 'மேற்கோள்' என்ற சொல்லிலேயே எழுதுகோல் நின்றுவிட்டது.

தமிழில் மேற்கோள் என்பது பிறர் கூற்றை எடுத்துவந்து தம் கூற்றுக்குச் சான்றாக வைப்பது. உரையாசிரியர்கள் பாடலை அப்படியே எடுத்துக்காட்டி, அதனால் தம் கருத்தை நிறுவினர். இலக்கணப் பொருள் ஒன்றை முன்னோர் கூறியதாகச் சொல்ல விரும்பும் தொல்காப்பியர் 'என்ப' எனவும் 'மொழிப' எனவும் வினையை மட்டும் வைத்துப் பெயரைச் சொல்லாது செல்வார். அறிவியற் கட்டுரையின் இறுதியில் வரிசையாக நிற்கும் குறிப்புகளோ இவ்விரண்டும் அல்ல. அங்கே பிறர் கூற்று எடுத்துக்காட்டப்படுவதில்லை. அது இருக்கும் இடம் மட்டுமே காட்டப்படுகிறது. இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய பெயர் 'சுட்டு'. 'அவன்' என்றால் அவன் நல்லவனா தீயவனா என்பது தெரியாது. எத்திசையில் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். ஆய்வுலகின் மேற்கோளும் அத்தகையதே. சேனாவரையர் இளம்பூரணரைப் பலவிடங்களில் சுட்டுகிறார். அவற்றுள் பல மறுப்பதற்காக. இக்காலக் கணக்கில் மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று. இரண்டும் கூட்டப்பட்டு இளம்பூரணர் கணக்கில் ஏறும்.

இக்கணக்கைத் தொடங்கியவர் நம் துறைக்கு அயலார் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் 'சயன்ஸ்' இதழில், அறிவியற் கட்டுரைகளை அவை சுட்டும் முந்தைய கட்டுரைகளைக்கொண்டு தேட இயலும் என்று எழுதினார். 1961-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டம் அமைப்பு மொழியியலில். வேதிப் பெயர்களைச் சொற்கூறுகளாகப் பிரித்து மூலக்கூறு வாய்பாடாக மாற்றும் வழிமுறையே அவர் ஆய்வுப்பொருள். பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவருக்கும் அது புதிதாகத் தோன்றாது! அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதல் பயன்படுத்திவந்த, ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே சுட்டின என்று காட்டும் அட்டவணையே அவர்க்கு முன்மாதிரியாக அமைந்தது. 1960-களில் அவருடைய 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' அச்சேறியது. நூலகத்தில் நூல் தேடுவோர்க்கு ஒரு வழிகாட்டியாகவே அது பிறந்தது. மனிதரை அளக்கும் கோலாக அது மாறியது பின்னர். 2005-இல் இயற்பியலறிஞர் ஹோர்ஹே ஹிர்ஷ் வகுத்த எச்-எண் அம்மாற்றத்தின் உச்சம். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை சுட்டப்பட்டிருந்து, 21 கட்டுரைகள் அவ்வாறு 21 முறை சுட்டப்படாதிருப்பின், அவருடைய எண் 20.

இக்கோலைக் கொண்டு ஒருவரை அளந்து பார்ப்போம். புற்றுநோய் மருந்தியலின் தோற்றத்தில் நிற்கும் ஒருவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றும் முழுப்பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளிவந்தவர். உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு சென்று, உயிர்வேதியியலறிஞர் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

1925-இல் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி' என்னும் இதழில் இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை வெளிவந்தது. குருதியிலும் சிறுநீரிலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தைக்கொண்டு அளக்கும் முறை அது. பாஸ்பேட்டு அமிலக் கரைசலில் மாலிப்டேட்டுடன் சேர்கிறது; அதனுடன் ஒடுக்கும் பொருளொன்றைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றுகிறது; நீலத்தின் ஆழமே பாஸ்பரசின் அளவு. எளிய முறை, நம்பத்தகுந்த முறை. உலகெங்கும் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பல்லாண்டுகள் 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்றே அது வழங்கிற்று. உயிர்வேதியியலில் மிகப் பலமுறை சுட்டப்பட்ட கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

அம்முறை இருவர்க்கும் அடுத்த வாயிலையும் திறந்தது. தசையிலிருந்து எடுத்த சாற்றை அளக்கும்போது நீலநிறம் உடனே தோன்றாமல் மெல்ல மெல்ல ஏறுவதை அவர்கள் கண்டனர். அளவையில் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை. அமிலத்தில் சிதைந்து சிறுகச் சிறுகப் பாஸ்பேட்டை விடுவிக்கும் ஒரு சேர்மம் தசையில் இருக்கிறது என்று அதனால் உணர்ந்தனர். அதுவே பாஸ்போகிரியேட்டின், 1927-இல் வெளியிட்டனர். 1929-இல், உடலின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்ததையும் வெளியிட்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் தனித்து அதே பொருளைக் கண்டறிந்ததும் அவ்வாண்டில்தான்.

இப்போது கார்ஃபீல்டின் அச்சு அட்டவணையைத் திறவுங்கள். அதில் சுட்டப்பட்ட கட்டுரைகள் முதலாசிரியர் பெயரின்கீழ் மட்டுமே வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். இடச் சிக்கனம் கருதிச் செய்த ஏற்பாடு. எவர்க்கும் தீங்கு செய்யும் நோக்கம் அதில் இல்லை. ஆனால் விளைவு என்ன? 1925 கட்டுரை 'ஃபிஸ்கே, சி.எச்.' என்னும் தலைப்பின்கீழ் நிற்கும். அவ்வரிக்குக் கீழே ஆண்டுதோறும் அதைச் சுட்டியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். 'சுப்பாராவ்' என்னும் தலைப்பில் அக்கட்டுரையைத் தேடினால் கிட்டாது. ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் வாயில் வழங்கிய பெயர், கணக்கேட்டில் இல்லை.

மருந்தியலுக்கு வருவோம், இழப்பு அங்கேதான் பெரிது. ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிட்டாமல், 1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, அதன் ஆய்வுப் பிரிவைத் தலைமையேற்று நடத்தினார். குருதிச்சோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்குவது அவருடைய குழுவின் பெருமுயற்சி. 1945-இல் 'சயன்ஸ்' இதழில் அது வெற்றியாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் வரிசையைப் பாருங்கள்: 16 பெயர்கள். எட்டெட்டாக இரு தொகுதிகள், ஒவ்வொன்றும் அகரவரிசையில். தலைவர், உதவியாளர் என்னும் ஏற்றத்தாழ்வு இல்லாத வரிசை. முதல் தொகுதியில் சுப்பாராவ் ஏழாமவர். 'ஆங்கியர்' என்பவர் ஆங்கில அகரவரிசையின் அருளால் முதலில் நிற்கிறார். பிற்காலத்தார் அக்கட்டுரையைச் சுட்டும்போது 'ஆங்கியரும் பிறரும்' என்றே எழுதினர். 'பிறரும்' என்னும் அந்த உம்மைக்குள் பதினைவர் அடங்கிவிட்டனர்.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலறிஞர் சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோயால் மடியும் சிறுவர்களுக்கு லெடர்லே தந்த ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் விரைந்து பெருகுவதாகத் தோன்றியது. அப்படியாயின் ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் பொருள் நோயைத் தடுக்குமன்றோ? அப்பொருள்களையும் லெடர்லே ஆய்வுக்கூடமே ஆக்கித் தந்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். ஃபோலிக் அமில மூலக்கூற்றில் ஓரிடத்தில் ஹைட்ராக்சில் தொகுதிக்கு மாற்றாக அமினோ தொகுதியை வைத்தால் அமினோப்டெரின் கிடைக்கும். ஒலியனியல் படித்தவர்க்கு இது 'பல்', 'கல்' போன்ற வேற்றுமை இணை. ஓர் உறுப்பு மாறியதால் பொருள் தலைகீழாயிற்று. செல்லினுள் இருக்கும் நொதி அதனை ஃபோலிக் அமிலம் என்று மயங்கிப் பற்றிக்கொள்கிறது, பற்றியபின் விடுவதில்லை. புதிய டி.என்.ஏ. ஆக்குவதற்கு வேண்டிய பொருள் கிட்டாமல் புற்றுச்செல் பெருக்கம் தடைப்படுகிறது.

1948 ஜூன் 3 அன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஃபார்பரும் நால்வரும் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்ற 16 சிறார்களுள் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. முன்னேற்றம் தற்காலிகமானது, அதை அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லியிருந்தனர். ஆயினும் மருந்தொன்று குருதிப் புற்றைப் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது அன்று தெளிவாயிற்று. அவ்வைந்து ஆசிரியர் பெயர்களுள் சுப்பாராவின் பெயர் இல்லை. அமினோப்டெரினின் வேதியியலை 1947-இல் அறிவித்த கட்டுரையில் ஆய்வுக்கூடத்தின் வேதியியலார் மூவர் பெயர் உண்டு. அங்கும் அவர் பெயர் இல்லை. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த இரண்டு திங்களில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினோடு ஒரு மெத்தில் தொகுதி கூடிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் சிறுவர் குருதிப் புற்றுக்கும் மூட்டுவாதத்திற்கும் வழங்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

யாரேனும் சூழ்ச்சி செய்து அவர் பெயரை அழித்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அவ்வாறு கதை கட்டுவது எளிது. கேட்பதற்கும் சுவையாக இருக்கும். செய்தவரே பெயர் வைக்கவேண்டும் என்பது நல்ல விதி. மூலக்கூற்றைக் கையால் ஆக்கியவர் ஒருவர். நோயாளிக்குக் கொடுத்தவர் இன்னொருவர். எதை ஆக்கவேண்டும், எத்திசையில் தேடவேண்டும் என்று குழுவை நடத்தியவர்க்கு அவ்விதியில் இடமில்லை. ஆகவே ஆய்வேட்டின் விதிப்படி நோக்கினால் அவர் பெயர் இல்லாதது பிழையன்று. அந்த ஏட்டை மட்டும் படித்துவிட்டு, புற்றுநோய் மருந்தியலில் சுப்பாராவின் பங்கு சிறிது என்று முடிவுகட்டினால் அதுவே பிழை.

இதன் மறுபக்கமும் உண்டு. அவர் பெயரைத் தாங்கிப் பல்லாயிரம் முறை சுட்டப்பட்ட 1925 கட்டுரை, அவர் செய்தவற்றுள் மிகப் பெரியதா? அன்று. முறையியற் கட்டுரைகளை மக்கள் கருவியாகப் பயன்படுத்துகின்றனர். பயன்படுத்திய கருவியின் பெயரை எழுதியாக வேண்டும். 2014-இல் 'நேச்சர்' இதழ் ஆராய்ந்தபோது, உலகில் மிகுதியாகச் சுட்டப்பட்ட கட்டுரை ஆலிவர் லோரியும் பிறரும் 1951-இல் எழுதிய, புரதத்தை அளக்கும் முறை பற்றியது. 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட சுட்டுகள். அது தம் சிறந்த கட்டுரை என்று லோரியே கருதவில்லை. மாறாக, ஓர் உண்மை எல்லார்க்கும் உரியதாகிவிட்டால் அதைச் சுட்டுவதை எல்லாரும் நிறுத்திவிடுவர். சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் இதனை எடுத்துக்காட்டினார். பழமொழிக்கு ஆசிரியர் பெயரை யார் சொல்கிறார்கள்? இன்று மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி எழுதுவோர் 1945-ஐத் தேடிச் செல்வதில்லை.

தமிழாசிரியர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டீர்கள். வளையாபதி என்னும் காப்பியம் நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. பிறர் எடுத்தாண்ட எழுபதளவிலான பாடல்களே அதன் உடல். நூல் அழிந்தது, மேற்கோள் காத்தது. எடுத்தாளத் தக்கவையாகப் பிறர்க்குத் தோன்றிய பகுதிகள் நிலைத்தன. அவை அறமுரைக்கும் பாடல்களாக இருப்பது மேற்கோள் காட்டியவர்களின் தேவையைக் காட்டுகிறதேயன்றி, அக்காப்பியத்தின் கதையழகு எத்தகையது என்பதைக் காட்டவில்லை. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்து, அவர் பாடலில் வந்த உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார். நீலநிறம் காட்டிய முறையால் வேதியியற் கூடங்களில் அறியப்பட்ட சுப்பாராவும் ஒருவகையில் அவ்வாறே. அவர் பெயரால் 'சுப்பாரோமைசிஸ்' என்று 1953-இல் ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

பெயர் என்றதும் மாணவர்களுக்கு நேரே பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். தெலுங்கு மரபில் குடிப்பெயர் முன்னே வரும். எல்லாப்பிரகட என்பது குடிப்பெயர், சுப்பாராவ் இடுபெயர். மேலைநாட்டு முறையோ கடைசிச் சொல்லைக் குடிப்பெயர் என்று கொள்ளும். அதனால் அவருடைய குடிப்பெயர் ஓர் எழுத்தாகக் குறுகி, இடுபெயர் குடிப்பெயராயிற்று. அவர்க்கு அது நன்மையாகவே முடிந்தது. அட்டவணையில் எங்கேனும் நின்றால் தம் பெயரிலேயே நிற்பார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைத்து எழுதும் தமிழர்க்கும் அந்த நன்மை உண்டு. நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்களிலோ இடுபெயர் முன்னும் தந்தை பெயர் பின்னுமாக, இடையில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும், மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்றும் வருகின்றன. கணினித் தரவுத்தளம் கடைசிப் பெயரைப் பற்றிக்கொள்கிறது. நம்முடைய தொடக்ககாலக் கட்டுரையொன்று இவ்வாறே நம் தந்தையார் பெயரில் பதிவாகியிருந்ததைப் பல்லாண்டுகள் கழித்துக் கண்டோம். அவர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். சம்பளக் கணக்கில் ஒரு காசு தவறவிடாதவர். ஒலியனியலில் ஒரு வரியும் எழுதியவரல்லர். அவர் இருந்திருந்தால் அந்தக் கணக்கைத் தாமே திருத்தியிருப்பார்.

ஆகவே ஆய்வுலகில் நுழைய விரும்பும் மாணவர்கள் முதற்கட்டுரை வெளிவருமுன்னரே தம் பெயரை எவ்வாறு எழுதுவது, எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும், பின்னர் மாற்றலாகாது. 'ராஜேந்திரன்' என்னும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று வகுப்பில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு விதமும் தரவுத்தளத்தில் ஒவ்வோர் ஆள். 2012 முதல் 'ஓர்க்கிட்' என்னும் 16 இலக்க அடையாள எண்ணை ஆய்வாளர்க்கு இலவசமாக வழங்குகிறார்கள். அதனைப் பெற்றுக்கொள்வது நல்லது. எண் பெயருக்கு ஈடாகாது என்று முகஞ்சுளிக்கும் மூத்தோர் சிலரை அறிவோம்; அடையாள அட்டையில் எண்ணை வைத்துக்கொண்டுதான் அவர்களும் வாழ்கிறார்கள்.

தொடங்கிய மொழிபெயர்ப்புக்கு வருகிறோம். அந்த எண்கள் மட்டும் நிறைந்த தாளை நாம் அவ்வாறே தமிழாக்கவில்லை. அம்மையார்க்கு மடல் எழுதி, தங்கள் கட்டுரைப் பட்டியலில் தாங்களே முதன்மையாகக் கருதுவது எது என்று கேட்டோம். மறுவாரம் பட்டியல் திரும்பி வந்தது. பலநூறு முறை சுட்டப்பட்ட கட்டுரைகளை விட்டுவிட்டு, எங்கோ நடுவிலிருந்த ஒன்றின்மேல் பென்சிலால் கோடிட்டிருந்தார். அதில் அவர் ஏழாம் ஆசிரியர். சுட்டுகள் இருபதுக்கும் குறைவு. ஒரு மருந்தைப் பலரும் நம்பிய அளவில் கொடுத்தால் கட்டி சுருங்குவதில்லை, கல்லீரல்தான் கெடுகிறது என்று எலிகளிடம் கண்டு சொன்ன கட்டுரை. அதன்பின் அந்த அளவை நோயாளிகளிடம் சோதிக்கும் திட்டம் கைவிடப்பட்டது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எலிக்கூண்டுகளைப் பேணிய உதவியாளர் ஒருவரின் பெயரையும் எழுதி, அவர்தான் முதலில் கவனித்தவர், நன்றியுரையில் மட்டும் இருக்கிறார் என்று சேர்த்திருந்தார்.

விழா மலரின் முதற்பத்தியில் அக்கட்டுரையையும் அவ்வுதவியாளரையும் வைத்தோம். எச்-எண்ணைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டார்கள். 'மேற்கோள்' என்ற சொல்லை எடுத்துவிட்டுச் 'சுட்டு' என்று போடலாமா என்று கேட்டதற்கு, படிப்பவர்களுக்கு விளங்காது என்று விழாக்குழுவினர் மறுத்துவிட்டனர். அதுவும் சரிதான்.